பரீட்சைக்கு நான் கூட்டிப்போன பிள்ளை

1. மீசை

பரீட்சகர் காரைவிட்டு இறங்கியபோது மற்றவர்கள் அவருடைய கோட்டைப் பார்த்தார்கள். நான் அவருடைய மீசையைப் பார்த்தேன். மேலுதடு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. கீழுதட்டிலும் பாதி மறைந்திருந்தது. பரீட்சை போச்சு என்று அப்போதே நினைத்தேன்.

காரணத்தைச் சொல்கிறேன். ஐம்பதுகளில் கிருஷ்ணகிரியில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே நான் பயிற்சி வாத்தியார். இன்றைக்கு நீங்கள் ஸ்பீச் தெரபி என்று படிக்கிறீர்களே, அதற்கெல்லாம் அப்போது எங்கள் பக்கம் காலேஜ் கிடையாது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆசிரியர் சர்டிபிகேட் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். தியரி எனக்கு ஒரு பொருட்டில்லை. குரல்வளைப் படம் போட்டுப் பாகம் குறிப்பதை நெட்டுருப் போட்டுவிடலாம். பிராக்டிகல்தான் ஆளைக் கொல்லும். நாம் பேசப் பழக்கிய ஒரு பிள்ளையைப் பரீட்சகர் முன்னால் உட்கார வைக்க வேண்டும். அவர் கேள்வி கேட்பார். பிள்ளை அவருடைய வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பதில் சொல்ல வேண்டும். கையால் ஜாடை காட்டினால் மார்க் போச்சு.

எனக்குக் கொடுத்த பிள்ளை ரத்னம்மா. கெலமங்கலத்தைத் தாண்டி, காட்டோரத்து ஊர். வீட்டில் தெலுங்கு பேசும் குடியானவர்கள். அவளைக் கொண்டுவந்து விட்ட அன்று அவள் அப்பா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தெலுங்கில் வாத்தியாரை ஐவாரு என்பார்கள்.

"ஐவாரே, பொழுது சாயற நேரத்துல ராகிக் கொல்லையில யானை எறங்கிடுச்சுங்க. தகரத்தத் தட்டுனாங்க, கத்துனாங்க, எல்லாரும் ஓடிட்டோம். இவ மட்டும் குனிஞ்சு களை புடுங்கிட்டே இருந்தா. அன்னிக்கு அவ தப்புனது சாமி புண்ணியம். காது வராதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. கத்தவாவது கத்துக் குடுங்க. எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா ஒரு கொரல் குடுக்கட்டும்."

2. ஒரு பிள்ளைக்கு ஒரு வாய்

பழக்குவது எப்படி என்றால், 'ப' வருவதற்கு மெழுகுவத்தியை வாய்க்கு நேராகப் பிடிப்போம். சுடர் ஆடினால் 'ப' வந்துவிட்டது. 'ம' வருவதற்குப் பிள்ளையின் விரலை எடுத்து என் மூக்குத்தண்டில் வைப்பேன், அதிர்வு தெரியும். 'க' பெரும்பாடு. கரண்டிக் காம்பால் நாக்கைப் பின்னுக்குத் தள்ளும்போது பிள்ளைகள் குமட்டி அழும். ரத்னம்மாவும் அழுதாள், அழுதுவிட்டு அவளே மறுபடியும் வாயைத் திறப்பாள். புரியவில்லை என்றால் கையை நீட்டி என் உதட்டைத் தொட்டுப் பார்ப்பாள். அதுவும் பாடத்தில் உள்ளதுதான். கை சும்மா இருக்கும் நேரத்தில் ஜாடை காட்டிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொல்வோம்.

எங்கள் பள்ளியில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் பிள்ளைக்கு இன்னொருவர் பாடம் எடுக்கக் கூடாது. "நாலு பேர் வாயைக் காட்டிக் குழப்பாதீங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு வாய். பரீட்சை முடியற வரைக்கும் அப்படித்தான்" என்பார் ஹெட்மாஸ்டர். அதனால் மாதக்கணக்கில் ரத்னம்மா படித்தது என் ஒரு முகத்தைத்தான். அது மழுமழுவென்று சவரம் செய்த முகம்.

பரீட்சை நெருங்கியபோது ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "கமிட்டியில கண்டிப்பா சொல்லிட்டாங்கப்பா. இதுல பேசாத பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிடணுமாம். ஹாஸ்டல்ல இடமில்ல" என்றார். நான் ஃபெயிலானால் அடுத்த வருஷம் எழுதிக்கொள்வேன். அவளுக்கு அடுத்த வருஷம் கிடையாது.

3. பிராக்டிகல்

பரீட்சகர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தது, முகம் இருட்டு. ரத்னம்மா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உன் பேர் என்ன?"

அவள் மீசையையே பார்த்தாள். தலையைச் சாய்த்துக் கீழேயிருந்து பார்த்தாள். அவர் மறுபடியும், இன்னும் உரக்கக் கேட்டார். காது கேட்காத பிள்ளையிடம் கத்தி என்ன ஆகப்போகிறது! அவள் என் பக்கம் திரும்பினாள். அவர் அவள் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். அப்போது அவள் ஒரு கையை மெல்ல வெளியே எடுத்து, எட்டி, ஒரு விரலால் அவருடைய மீசையைத் தூக்கி, அடியில் உதட்டைத் தேடினாள்.

அவர் நாற்காலியோடு பின்னால் போனார். "என்னய்யா இது, குரங்கா வளர்த்து வெச்சிருக்கீங்க?"

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில், பேசாதே என்று எழுதியிருந்தது. நான் பேசினேன்.

"ஐயா, அவளுக்கு உங்க உதடு தெரியலைங்க. மீசை மறைக்குது. கொஞ்சம் வெளிச்சத்துல, மீசையை ஒதுக்கிட்டுக் கேட்டீங்கன்னா சொல்லிடுவாளுங்க."

"பரீட்சை எனக்கா, உனக்கா?"

"நான் ஒரு தடவை கேட்கட்டுங்களா?"

கேட்டேன். "என் பேர் ரத்னம்மா" என்றாள், கரகரத்த குரலில், ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டு. ஊர் பேரும் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே போன மாட்டைக் காட்டினேன். "மாடு" என்றாள்.

"உன்னைப் பார்த்து ஒப்பிக்குது. இதுக்குப் பேச்சுன்னு பேரில்ல" என்று பரீட்சகர் பேனாவை மூடினார். நானும் ஃபெயில், அவளும் ஃபெயில்.

4. பஸ் ஸ்டாண்டு

தகவல் போய் அவள் அப்பா வந்தார். ஓசூர் பஸ் வரை நானும் கூடப் போனேன். பரீட்சகர் சொன்னதை வழியில் அவரிடம் சொன்னேன். அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, என்னைக் கும்பிட்டு விடைபெற்றார். பஸ் உறுமியது. நான் ஏறாமல் கீழேயே நிற்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"சார்! வா!" என்று கத்தினாள். "சார்! வா!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்சீட்டில் ஒரு குழந்தை பயந்து அழுதது. அவள் அப்பா சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். மகளின் வாயிலிருந்து ஒரு வார்த்தையை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இதத்தான் பேச்சு இல்லேன்னு சொன்னாங்களா, ஐவாரே?"

 அழுதேன். பஸ் போய்விட்டது.

அடுத்த வருஷம் வேறொரு பிள்ளையோடு போய்ப் பாஸ் செய்தேன். அந்தப் பிள்ளையை ஹெட்மாஸ்டரின் வழக்கத்தை மீறிச் சந்தைக்கு நடத்திப்போய், தாடிக்காரர், வெற்றிலை போடுகிறவர், பல் இல்லாதவர் என்று கிடைத்த வாயெல்லாம் பார்க்க வைத்தேன். இதற்காகத் திட்டும் வாங்கினேன். ரத்னம்மாவைப் பற்றி எந்தச் சேதியும் வரவில்லை. யானை இறங்கியது என்று யாராவது சொன்னால், எந்த ஊர் என்று இன்றும் கேட்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை பதில் சொல்லவில்லை என்றால், கேட்டவரின் முகத்தை முதலில் பாருங்கள். குறை அங்கே இருந்தால் அவர் எவ்வளவு பெரியவரானாலும் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன், பலிக்கவில்லை. இருந்தாலும் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையால் சொல்ல முடியாது.