ராக்கெட் சாவியும் ஒரு சாண் மல்லிகையும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான் பெற்றது மூன்று, என் தங்கை விட்டுப்போனது இரண்டு, ஆக ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்தும் படித்தன. நான்தான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். இதை எழுதப் பதினோரு நாள் ஆயிற்று. எதிரில் ஒரு சாவி இருக்கிறது. சாவி என்று பேரே தவிர, எந்தப் பூட்டையும் திறக்காது. விரல் நீளத்துக்கு ஒரு கம்பி, தலையில் சிவப்பு நாடா. வீடு மாறும்போதெல்லாம் தூக்கிப் போடலாம் என்று எடுப்பேன், திரும்ப டப்பாவிலேயே போடுவேன்.

கன்னடம் பேசுகிற ஊரில், காக்ஸ் டவுன் என்ற பகுதியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆயாவாக இருந்தேன். மணி அடிப்பதும் எல்லா அறைச் சாவியும் என் பொறுப்பு. அங்கே சயின்ஸ் மிஸ் ஒருவர். விவேக் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். காலையில் உள்ளே நுழையும்போதே சாயங்காலத்து முகம். பூ வைக்க மாட்டார், அதிகம் பேச மாட்டார். அவர்தான் ஏழு பெண்களைச் சேர்த்து ஒரு ராக்கெட் குழு தொடங்கினார்.

ராக்கெட் ஒரு பெட்டியில் துண்டு துண்டாக வந்தது. காகிதக் குழாய், மெல்லிய கட்டையில் மூன்று சிறகு, இறங்கும்போது விரிய கைக்குட்டை அளவுக்கு ஒரு குடை. பள்ளி விட்ட பிறகு ஒரு மாதம் ஒட்டினார்கள். லேபைப் பூட்ட வேண்டுமென்று நானும் வாசலில் உட்கார்ந்திருப்பேன். "பசை காயட்டும்மா. இங்க அவசரப்பட்டா மேல போயி சிறகு பிச்சுக்கும்," என்பார் மிஸ். மருந்து அடைத்த குழாயைத் தனி அலமாரியில் வைத்து, வாங்கினபடியே இருக்க வேண்டும், யாரும் கிளறக் கூடாது என்று சொல்லியிருந்தார். போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்து வந்தார்.

விடுவது எப்படியென்றால், மைதானத்து நடுவில் நட்ட கம்பியில் ராக்கெட் நிற்கும். அடியிலிருக்கும் திரியில் இரண்டு கிளிப்பை மாட்டி, அதிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து ஒரு சின்னப் பெட்டியில் சேர்ப்பார்கள். இந்தச் சாவியைப் பெட்டியில் குத்தினால்தான் பட்டன் வேலை செய்யும். ராக்கெட் பக்கத்தில் ஆள் இருந்தால் சாவி பெட்டியில் இருக்கக் கூடாது. பட்டனை அழுத்தியும் கிளம்பவில்லை என்றால், சாவியை உருவிவிட்டு ஒரு நிமிஷம் யாரும், தள்ளிப் போட்டிருக்கும் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. கிளிப் மாட்டிய பிறகு மிஸ்ஸைத் தவிர வேறு யாரும் கிட்டே போகவே கூடாது. அந்தச் சாவியை மிஸ் என் கழுத்தில் மாட்டினார். "என்கிட்ட கெஞ்சினா நான் கரைஞ்சிடுவேன் ஆயா. உங்ககிட்ட எவ பாச்சாவும் பலிக்காது." எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை, மகள் டிகிரி வாங்கிய அன்றும் இல்லை.

விடுகிற நாளில் ஒரு ரிடையர்ட் ஆபீசர் விருந்தாளியாக வந்தார். அவர் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் குழு நடக்கும், இல்லாவிட்டால் மூடிவிடுவது என்று கரஸ்பாண்டன்ட் சொல்லியிருந்தார். வெயில் ஏறிவிட்டது. சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் பெண்கள் நின்றார்கள். மிஸ் கிளிப்பை மாட்டிவிட்டு விருந்தாளியை அழைத்துவரக் கேட்டுக்குப் போனார்.

பள்ளிக்கு எது புதிதாக வந்தாலும், தண்ணீர் மோட்டார் ஆகட்டும், ஜெராக்ஸ் மிஷின் ஆகட்டும், பொட்டும் பூவும் வைப்பது என் கைதான். பூவில்லாமல் மொட்டையாக நின்றது ராக்கெட். பெண்கள் விருந்தாளியைப் பார்க்கக் கேட்டுப் பக்கம் திரும்பியிருந்தார்கள். என் கொண்டையிலிருந்து ஒரு சாண் மல்லிகையைக் கிள்ளிக்கொண்டு போய்ச் சிறகில் சுற்றி முடிச்சுப் போட்டேன். சாவி என் கழுத்தில்தானே இருக்கிறது என்று நினைத்தேன். கிட்டே போகக் கூடாது என்பது மற்றவர்களுக்குச் சொன்னது, எனக்கில்லை என்று நினைத்தேன்.

எல்லோரும் வந்தார்கள். சாவியைக் குத்தினேன். பெண்கள் ஐந்திலிருந்து இறங்கி எண்ணினார்கள். பட்டனை அழுத்தினார்கள். ஒன்றுமில்லை. சாவியை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். ரேஷன் கடைக் கியூவில் நின்று பழகியதால் எனக்கு எண்ணிக்கை கன்னடத்தில்தான் வரும். ஒந்து, எரடு, மூரு.

கரஸ்பாண்டன்ட் கையை நீட்டினார். "சாவியக் குடும்மா. சாருக்கு டைம் ஆகுது. நான் போயி பாக்கறேன்."

"அறுபது ஆகட்டும் சார்."

"உனக்கு எண்ணத் தெரியுமா மொதல்ல?"

"தினம் மணி அடிக்கிறவ சார் நான். நடுவுல பேசுனா மறுபடி ஒந்துலேர்ந்து ஆரம்பிப்பேன்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விருந்தாளி வாட்சைப் பார்த்தார். நான் அறுபது வரை எண்ணி முடித்தேன்.

மிஸ் போய்க் குனிந்தார். வெகு நேரம் குனிந்தபடியே இருந்தார். முடிச்சை நான் இழுத்ததில் ஒரு கிளிப் நழுவிக் கீழே தொங்கியது. எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அவர் மல்லிகையை அவிழ்த்து, உள்ளங்கையில் மூடி, தோள் பைக்குள் போட்டார். கிளிப்பை மாட்டிவிட்டு எங்களிடம் வந்து, கரஸ்பாண்டன்ட்டைப் பார்த்து, "என் தப்பு சார். கிளிப்பு சரியா மாட்டல," என்றார். என்னை ஒரு தரம் பார்த்தார், கோபமில்லாமல். அந்தப் பார்வையிலிருந்த அலுப்பை இன்று வரை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

அதற்குள் விருந்தாளியின் கார் கிளம்பிவிட்டது. இரண்டாம் தடவை சாவியைக் குத்திப் பட்டனை அழுத்தியதும் ராக்கெட் சீறிக்கொண்டு போனது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். குடை விரிந்து ஆடி ஆடி இறங்கியது. பெண்கள் போட்ட கூச்சலில் மரத்துக் காக்காய்கள் பறந்தன. கரஸ்பாண்டன்ட் கேட்டருகில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். மிஸ் மட்டும் ராக்கெட் வந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் தண்ணி ஆயா," என்றார். கொடுத்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் குழுவை மூடினார்கள். ராக்கெட் சாமானை ஸ்டோரில் வைத்துப் பூட்டியதும் நான்தான். இந்தச் சாவியை யாரும் கேட்கவில்லை. மிஸ் அந்த வருஷக் கடைசியில் வேறு ஊருக்குப் போனார். பூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. அறுபது வரை எண்ணியதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். முடிச்சுப் போட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அந்த மைதானத்தில் கார்கள் நிற்கின்றன. எனக்கு முட்டி வலி, காதும் மந்தம். என் பேத்தி கன்னடத்தில் படிக்கிறவள், தமிழை என்னைப் போலவே எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பரவாயில்லை. பாப்பா, இந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொள். இதை முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு, மெதுவாக. பூ வருகிற இடத்தில் மட்டும் சத்தமாகப் படி.