வெயிலுக்குப் போய்வரும் துணி

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே இன்றைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று தோன்றிவிடும். இருபத்தாறு வருடமாக அப்படித்தான். முதல் ஆள் வந்து துணி வாங்கிப் போன பிறகும் அந்த நினைப்பு போகாது. இவர்தான் கடைசி ஆளோ என்று மாறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

திண்டுக்கல் மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற தெருவில் ரவிக்கைத் துணிக் கடை வைத்திருக்கிறேன். நடுவில் நின்று கையை விரித்தால் இரண்டு பக்க அலமாரியும் விரலில் படும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழிக்கப் போனவன் நான். அங்கே கற்றது நிறம் மட்டும்தான். பச்சையில் முப்பது பச்சை தெரியும். வெங்காயத்தோல் நிறத்தில் பெரிய வெங்காயம் வேறு, சின்ன வெங்காயம் வேறு என்று தெரியும். அதை வைத்துக்கொண்டு வேறு என்ன தொழில் செய்ய முடியும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஒன்றும் தோன்றியதில்லை.

சேலையை எடுத்துக்கொண்டு பெண்கள் வருவார்கள். முந்தானையை விரித்துப் பார்த்து நான் மூன்று நான்கு துணி உருவிப் போடுவேன். கடைக்குள் எல்லாமே பொருந்துகிற மாதிரித்தான் இருக்கும். அதனால் யாரும் உள்ளே வைத்து முடிவு செய்யமாட்டார்கள். சேலையையும் துணிகளையும் அள்ளிக்கொண்டு வாசற்படிக்குப் போவார்கள். கிழக்குப் பார்த்த கடை, மத்தியானம் வரைக்கும் படியில் வெயில் நிற்கும். அதற்குப் பிறகு தெருவின் நடு வரைக்கும் போய்விடுவார்கள். வெயிலில் தூக்கிப் பிடித்தால் மூன்றில் இரண்டு துணி தானாக விலகிவிடும். மிச்சமிருப்பதுதான் அந்தச் சேலையின் துணி. இன்னும் காசு கொடுக்காத துணி தெருவுக்குப் போய் வருவதை இங்கே யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நினைத்தது நான் மட்டும்தான். ஒவ்வொரு முறையும் என் கழுத்து துணியோடு சேர்ந்து வாசலுக்கு நீளும்.

ஒரே ஒரு முறை துணி திரும்பவில்லை. கன்னிவாடிப் பக்கத்து அம்மா ஒருவர் இரண்டு மாந்துளிர் நிறத் துணிகளை வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் அவருடைய தங்கை, பஸ் கிளம்புது என்று கத்தினார். அந்த அம்மா அப்படியே ஓடிப் போய் ஏறிவிட்டார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் முதல் ஆளாக அவர்தான் வந்தார்.

"பஸ்ஸு செம்பட்டி தாண்டினப்புறந்தான் கையப் பாக்கேன், அண்ணே. கண்டக்டரு கேக்கான், ஏம்மா ஜவுளி வேவாரமான்னு."

இரண்டையும் என் மேசை மேல் வைத்தார். "போற வழியில பூரா வெயிலு. நல்லாப் பாத்துட்டேன். இது வேணாம், இதக் குடு."

ஆறு வருடத்துக்கு முன்பு எதிரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்று வந்தது. நான்கு மாடி, ஏறி நின்றால் தானாக மேலே கொண்டுபோகும் படிக்கட்டு, வாசலில் தொப்பி போட்ட காவலாளி. திறந்த அன்று எங்கள் வரிசைக் கடைக்காரர்கள் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு, அவரவர் கடைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தோம். அடுத்த இரண்டு வருடத்தில் எங்கள் வரிசையில் பாத்திரக்கடை போனது, வளையல் கடை போனது, செருப்புக்கடைக்காரர் மகன் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார். அடுத்தது நான்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். அந்தக் கடையின் பையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்குள் யாராவது நுழைந்தால் என் கண் முதலில் அந்தப் பைக்குத்தான் போகும். அங்கே கிடைக்காத ஏதோ ஒன்றுக்காக இன்றைக்கு வந்திருக்கிறார்கள், நாளைக்கு அதுவும் அங்கே கிடைக்கும், பிறகு எதற்கு வருவார்கள் என்று கணக்குப் போடுவேன். ஆனாலும் கடை ஓடியது. எப்படி ஓடுகிறது என்று எனக்கே தெரியாததால், எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்று பயந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, தீபாவளி நெருங்கும்போது அந்தப் பயம் முற்றிவிட்டது. கண்ணாடிக் கதவு போட்டேன். உள்ளே தெரியாதபடி கறுப்பாக ஒரு தாளும் ஒட்டிக் கொடுத்தார்கள். தூசி வராது, துணி வெளியே போகாது, பார்க்கவும் பெரிய கடை மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். கூரை முழுக்க வெள்ளை விளக்குப் போட்டேன். விற்றவர், பகல் வெளிச்சம் அப்படியே இருக்கும், இனி யாரும் வாசலுக்குப் போகத் தேவையில்லை என்றார். என் மனைவி கடை மூலையில் உட்கார்ந்து சேலைகளுக்கு ஃபால்ஸ் தைப்பவள். அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

தீபாவளி சுமார். பொங்கல் அதைவிடச் சுமார். தை மாதத்தில் சில நாள் மதியம் வரைக்கும் கதவு அசையாது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களும் கையில் துணியோடு வெளியே போகக் கூச்சப்பட்டார்கள். விளக்கைப் பார்த்துக்கொண்டே, "சரியாத்தான் இருக்கும்" என்று வாங்கிப் போனார்கள். எதிர்க்கடை என்னை முடித்துவிட்டது என்று எனக்குத் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது. மாடியில் குடியிருக்கும் கட்டிடச் சொந்தக்காரரிடம் போனேன். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். வரிசையில் எல்லோருக்கும் அவர் அக்கா.

"பங்குனியோட முடிச்சுக்கிறேன், அக்கா."

"சரி தம்பி" என்றார். காபி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று இறங்கி வந்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அன்று முழுக்க அதுவே உறுத்தியது. அடுத்த வாரம் செல்போன் கவர் விற்கும் ஒருவர் டேப்போடு வந்து கடையை அளந்தார். அளக்கும்போது டேப்பின் ஒரு முனையை நான்தான் பிடித்தேன்.

மாசியில் வேடசந்தூரிலிருந்து மில் வேலைக்குப் போகும் பெண் ஒருவர் வந்தார். வந்தவர் கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்றே கண்ணாடியைத் தட்டினார். வெளியே போனேன். பையிலிருந்து சேலையையும் தைத்து முடித்த ரவிக்கையையும் எடுத்துச் சேர்த்துப் பிடித்தார். சேலை கத்திரிப்பூ. ரவிக்கை ஊதாவாக இருந்தது.

"நீங்களே பாருங்க அண்ணே. தங்கச்சி கல்யாணத்துக்கு நான் இதப் போட்டுக்கிட்டு நின்னேன். கடைக்குள்ள ஒரு கலரு, மண்டபத்து வாசல்ல ஒரு கலரு. சம்பந்தி வீட்டம்மா கேக்குறாக, சட்டை யாரோடதும்மான்னு."

"பணத்தத் திருப்பித் தந்துர்றேன், தாயி."

"பணத்த யாரு கேட்டா? போட்டோவுல விழுந்துருச்சு, அத என்ன செய்ய?" ரவிக்கையை மடித்து என் கையில் வைத்தார். "முன்னாடியெல்லாம் வெளிய போய்ப் பாருங்கன்னு நீங்களே சொல்லுவீக. உங்கள நம்பித்தான அந்த வெளக்க நம்புனேன்."

அவருக்குச் சரியான துணியை வெயிலில் வைத்து எடுத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். எண்ணி வைத்துவிட்டுத்தான் போனார். அன்றைக்கு எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கோ, இனி இந்தப் பெண் மில் பஸ் முழுக்கச் சொல்லிவிடுவார் என்ற கவலைதான் வந்தது. காலி பண்ணப் போகிற கடைக்குக் கெட்ட பேர் வந்தால் என்ன என்று மனைவி கேட்டாள்.

பங்குனி பிறந்து நாலைந்து நாளில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை. எதிர்க்கடையில் ஜெனரேட்டர் ஓடியது. என் கடைக்குள் இருட்டு, கண்ணாடிக் கதவு போட்டதால் வேக்காடு. மனைவி எழுந்து போய் லைனிங் துணிக் கட்டு ஒன்றை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். வாசல் முழுசாகத் திறந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு படியில் விழுந்த வெயில் கடைக்குள் ஓரடி வந்தது.

கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடையிலிருந்து ஒருவர் ரோட்டைக் கடந்து வந்தார். அங்கே பட்டுச் சேலைப் பகுதியில் விற்கிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும், கடையின் சீருடைச் சேலை கட்டியிருந்தார். இத்தனை வருடமாக எதிரெதிரே இருந்தும் நாங்கள் பேசியதில்லை. பின்னால் ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் தாயும் மகளும் வந்தார்கள்.

"கட இருக்கா அண்ணே?" என்றார்.

"இருக்கே. என்ன கேள்வி இது?"

"இல்ல, கறுப்புக் கதவப் போட்டு மூடிட்டீக. நாங்க அனுப்புற ஆளுகள்ல பாதிப் பேரு, கட பூட்டிக் கெடக்குன்னு திரும்பி வந்துர்றாக. செல பேரு உள்ள ஏசி போல, காசு கூட இருக்கும்னு வந்துர்றாக. அதான் இன்னைக்குத் தொறந்திருக்கவும் நானே கூட்டிக்கிட்டு வந்தேன்."

"நீங்க அனுப்புற ஆளுகளா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க கடையில எடுத்த பட்டுக்கு உங்க கடையிலதான மேட்சிங்கு? இத்தன வருஷமா யாரு அனுப்புனான்னு நெனச்சீக?"

அவர் விவரமாகச் சொன்னார். அவர்களிடமும் ரவிக்கைத் துணி உண்டு. ஆனால் பில் போடாமல் ஒரு துணியும் வாசலைத் தாண்டக் கூடாது, காவலாளி விடமாட்டார். உள்ளே முழுக்க விளக்கு. விவரமான பெண்கள் விளக்கில் பார்த்து எடுக்கமாட்டார்கள். மேட்சிங் கிடைக்குமோ என்னவோ என்று சேலையையும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எதிரில் ஒரு கடை இருக்கிறது, அங்கே வெயிலில் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னால்தான் சேலைக்கே பில் போடச் சொல்வார்கள்.

"தையிலருந்து எங்களுக்கும் பட்டு சரியாப் போகல, அண்ணே. மேனேசரு எங்களத் திட்டுறாரு. உங்க கதவால நாங்க ஏச்சு வாங்குறோம்."

இதற்குள் ஒட்டன்சத்திரத்து அம்மா அலமாரியிலிருந்து தானே இரண்டு துணியை உருவி எடுத்திருந்தார். "ஏனுங்க, இதை வெளியில கொண்டுபோய்ப் பார்க்கலாமுங்களா?"

"பாருங்கம்மா" என்றேன். என் கழுத்து வழக்கம்போல நீண்டது. அவர்கள் ரோட்டோரம் வரைக்கும் போனார்கள். பட்டுச்சேலைப் பெண்ணும் கூடப் போய் ஒரு முனையைப் பிடித்தார். மாம்பழ நிறச் சேலை வெயிலில் விரிந்தது. ஒரு ஷேர் ஆட்டோ நின்று ஒதுங்கிப் போனது.

அன்று சாயங்காலம் மாடி ஏறினேன். அக்கா பால்கனியில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நான் சொன்னது... பங்குனி..."

"என்ன, போகலையாக்கும்?"

"இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்னு..."

"அந்த செல்போன் கவர்காரருக்கு நான் வாக்கே குடுக்கல. அளக்கணும்னாரு, அளந்துக்கோன்னேன். நீ காலி பண்றேன்னு சொல்றது இதோட நாலாவது தடவ, தம்பி. ஒவ்வொரு தடவைக்கும் நான் ஆள் தேடவா?" பிறகு கீழே தெருவைக் கையால் காட்டினார். "இங்கருந்து பாத்தா உன் வாசல்ல எந்நேரமும் துணி காயப்போட்ட மாதிரி இருக்கும். கதவு போட்டதுலருந்து ஒண்ணையும் காணோம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, அக்கா."

"நீ எங்க கேட்ட? வந்த, முடிச்சுக்கிறேன்ன, காபியக் கூட குடிக்காமப் போயிட்ட."

இந்தத் தடவை காபி குடித்தேன்.

கதவைக் கழற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. அதை வாங்க ஆளில்லை. பின்சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம். மனைவி அதன் மேல் ஃபால்ஸ் துணிகளைப் போட்டு வைக்கிறாள். வெள்ளை விளக்கில் பாதியைத்தான் போடுகிறேன். வேடசந்தூர்ப் பெண் மில் பஸ் முழுக்கச் சொல்லத்தான் செய்தார். சொன்னதைக் கேட்டு வந்தவர்களே நான்கைந்து பேர். "வெயிலத் திருப்பிப் போட்டுட்டீகளாமே" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

இதையெல்லாம் எழுதும்போது நிம்மதியாக இருக்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. போன மாதம் பட்டுச்சேலைப் பெண் நூல் வாங்க வந்தபோது ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் கடை பைபாஸ் பக்கம் போகப்போவதாகப் பேச்சு இருக்கிறதாம், கார் நிறுத்த இங்கே இடமில்லையாம். பேச்சுத்தான், இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்றார்.

அன்றிலிருந்து காலையில் ஷட்டரைத் தூக்கியதும் எதிர்வாசலைத்தான் பார்க்கிறேன். அந்தத் தானே நகரும் படிக்கட்டில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று இங்கிருந்தே தெரியும். கூட்டம் குறைந்த நாளில் எனக்கு வேலை ஓடுவதில்லை. மனைவி ஃபால்ஸ் தைத்துக்கொண்டே கவனித்திருக்கிறாள்.

"எதிர்க்கடைக்காரன் வந்தப்பவும் வாசல்லயே நின்னீங்க. இப்ப போயிருவானோன்னு நிக்கிறீங்க. வந்து இந்த ஊசியில நூலக் கோத்துக் குடுங்க. எனக்குக் கண்ணு தெரியல."

எனக்கும் உள்ளே தெரியவில்லை. ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனேன்.