கேரட் தோட்டத்தில் அணைத்த லைட்

போன மாசி அமாவாசையன்று, மலைமேல் பேத்துப்பாறையில் எங்கள் கேரட் தோட்டத்தில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

மறுநாள் கேரட் பிடுங்க ஆள் வருகிறார்கள். அந்த ஒரு ராத்திரியைத் தள்ளிவிட்டால் போதும். காட்டுமாடு இறங்கினால் பட்ட பாடெல்லாம் சேறாகிவிடும். என் அப்பா காலத்தில் தீ மூட்டித்தான் காவல் இருப்போம். விறகு ஈரமாக இருந்தால் புகைதான் மிஞ்சும். மாடு அது பாட்டுக்கு மேயும். இப்போது கம்பத்தில் பெரிய லைட் இருக்கிறது. அதை எரியவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதுகு விட்டுப்போயிருந்தது.

தோட்டத்துக்கு மேலே உள்ள வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த பெண் இறங்கி வந்தார். மதுரையில் டீச்சராம். மாடியில் தொலைநோக்கியோடு கேமராவைப் பூட்டி, வானத்தில் ரொம்ப ரொம்பத் தொலைவில் உள்ள ஒன்றைப் படம் எடுக்கிறாராம். அதன் வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் வருமாம். மணிக்கணக்காகப் பிடித்துச் சேர்க்க வேண்டுமாம். என் லைட் அதை முழுங்கிவிடுகிறதாம். வந்த நாளாய் மேகம், இன்றைக்குத்தான் விலகியிருக்கிறது என்று கெஞ்சினார்.

"அப்படி என்னம்மா கெடக்கு அங்க?"

"இந்தப் பூமி உண்டாகுறதுக்கு முன்னாடியே கெளம்புன வெளிச்சம்ங்கய்யா. அது இப்ப அங்க இருக்கோ இல்லையோ, தெரியாது."

"இல்லாத ஒண்ணுக்காகவா என் லைட்ட அமத்தச் சொல்றீங்க?"

அவர் முகமும் தூங்காத முகமாகத்தான் இருந்தது. சத்தம் போட்டால் படம் கெடுமா என்று கேட்டேன். கெடாது, வெளிச்சம்தான் ஆகாது என்றார். அப்படியானால் மேல்வரப்பில் நின்று தகரம் தட்டுங்கள், கீழே நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஓடிவிடுவார் என்று நினைத்தேன். எண்ணெய் டின்னைக் கையில் வாங்கிக்கொண்டார்.

லைட்டை அமத்தினேன். கொஞ்ச நேரத்தில் சோலைக்காட்டுப் பக்கமிருந்து புஸ்புஸ்ஸென்று மூச்சு கேட்டது. எத்தனை மாடு என்று தெரியவில்லை. நான் தட்டினேன். மேலே அவர் அளந்து அளந்து தட்டினார்.

"டீச்சரம்மா, மணி அடிக்காதீங்க, பிள்ளைக வந்திரும். கண்டபடி அடிங்க."

அதற்குப் பிறகு அடித்தார் பாருங்கள், எனக்கே காது அடைத்தது.

விடிந்து பார்த்தால் கீழ் ஓரத்தில் சில பாத்திகள் மிதிபட்டுக் கிடந்தன. மற்றது பிழைத்தது. படத்தைக் காட்டினார். கறுப்புக்குள் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. இதற்கா என்று வாய்வரை வந்தது. அவர் உள்ளங்கை கன்றிப்போயிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. இன்னும் பல ராத்திரி அதே இடத்தை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் தெளியுமாம்.

தூக்கம் கெட்டுக் காத்துக் கிடப்பது மண்ணைக் கிண்டுகிறவன் தலையெழுத்து என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அந்த அலுப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் எங்கோ ஒரு மாடியில் அவரும் ஒரு புள்ளிக்காகக் கண் விழித்துக் கிடப்பார் என்று நினைத்துக்கொண்டால், அடுத்த வெள்ளாமைக் காவலிலும் விடிகிறவரை உட்கார முடிகிறது.