வெறும் வயிற்றில் நூற்றுப் பதினான்கு

ஊரில் உள்ள தராசுகளையெல்லாம் சந்தேகப்படுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவர் அவர். எடை அளவைத் துறையில் ஆய்வாளர். கையில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் வெல்வெட் குழிகளில் பித்தளைக் கற்கள். அவர் கடைக்குள் நுழைந்தால் வியாபாரிக்கு முதலில் நாக்கு வறளும், பிறகு சிரிப்பு வரும், கடைசியில் டீ வரும். டீயை அவர் தொடமாட்டார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘மில்லிகிராம்’ என்று பெயர். ஆளும் பெயருக்கேற்ற ஒல்லி. ஐம்பதுக்கு ஒரு வயது குறைவு, கல்யாணம் ஆகவில்லை. இரண்டாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். இரண்டாவது தம்ளருக்கான அவசியம் பல வருடங்களாக ஏற்படவில்லை.

அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை நூறுக்குக் கீழே இருக்க வேண்டும். அவருக்கு நூற்றுப் பதினான்கு. பக்கத்து மேஜைக் கணக்கர், தொப்பையை மேஜை விளிம்பில் இளைப்பாற விட்டிருக்கும் மனிதர், அவருக்குத் தொண்ணூற்றிரண்டு.

“என்ன சார், தினம் நான் திங்கற இனிப்பு உங்க ரத்தத்துக்குப் போகுதா? நல்ல ஏற்பாடா இருக்கே!” என்றார் கணக்கர்.

வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். ஆய்வாளர் கருவியைச் சந்தேகப்பட்டார். இருபத்து நாலு வருடப் பழக்கம் சும்மா விடுமா? ஒரு தராசின் யோக்கியதை தெரிய வேண்டுமானால் ஒரே பொருளை மூன்று தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். எனவே ஒரே காலையில், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், மூன்று பரிசோதனைக் கூடங்களில் போய்க் கையை நீட்டினார். மூன்றாவது இடத்து ஊசிக்காரப் பெண் அவருடைய இரண்டு முழங்கை மடிப்பிலும் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டு, “சார், மிச்சம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள். தலை சுற்றியதால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கையை நீட்டினார். நூற்றுப் பதிமூன்று, நூற்றுப் பதினைந்து, நூற்றுப் பதினான்கு. கருவிகள் மூன்றும் நேர்மையானவை. தராசு சரியாக இருந்ததற்காக அவர் வருத்தப்பட்டது அதுவே முதல் தடவை.

மூன்று தாள்களையும் டாக்டரம்மா வரிசையாகப் பரப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“சக்கரை நோய் இன்னும் வரல. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்குது. உள்ள விடறதும் விடாததும் பாதி உங்க கையில.”

“எனக்கா? தராசு பாக்கறவன் சொல்றேன், நான் ஐம்பத்தாறு கிலோ நானூறு கிராம், டாக்டர். இனிப்புப் பக்கமே போறதில்ல.”

“ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும். வீட்ல யாருக்காவது இருந்துச்சா? அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க?”

“யாருக்கும் கிடையாது. அப்பா எழுபத்தெட்டு வயசு வரைக்கும் திடமா இருந்தார்.”

“திடமான்னா?”

“நல்லாச் சாப்பிடுவார். உடம்புச் சூடும்பார், பானை பானையாத் தண்ணி குடிப்பார். ராத்திரி நாலு தடவை எந்திரிப்பார். பாதம் எரியும், ஈரத்துணி சுத்திப்பார். கடைசியில கால் விரல்ல ஒரு சின்னப் புண்ணு, அதுதான் ஆறவே...”

அந்த இடத்தில் அவரே நிறுத்திக்கொண்டார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“அப்ப அவர் எனக்குக் குடுத்ததா இது?”

“முழுசா இல்ல. இது ஒரு ஜீன் பண்ற வேலை இல்ல சார், நூத்துக்கணக்குல இருக்கு. ஒவ்வொண்ணும் துளித்துளியாத் தள்ளும். சிலருக்கு இன்சுலின் சுரக்கறது சீக்கிரமே களைச்சுப் போகும். சிலருக்குச் சுரக்கும், ஆனா உடம்பு அது சொல் பேச்சுக் கேக்காது. ஒரே வயித்துல பிறந்தாலும் பங்கு ஒரே மாதிரி வராது. உங்க தராசையே எடுத்துக்குங்க. ஒரு தட்டுல, பிறக்கும்போதே கல்லை வச்சுக் குடுத்துட்டாங்க, அதை எடுக்க முடியாது. எதிர்த் தட்டுல நடை, சாப்பாடு, தூக்கம்னு நீங்க வைக்கலாம். கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களையும் பிள்ளைங்களையும் பாக்கச் சொல்லுங்க.”

“தம்பி ஒருத்தன் இருக்கான். பேச்சுவார்த்தை இல்ல.”

“அதுக்கு நான் மருந்து எழுதறதில்ல,” என்றார் டாக்டரம்மா.

அப்பா தம்பி வீட்டில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆய்வாளர் அரைக் கிலோ இனிப்போடு போவார். தம்பி மனைவி பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள், பெட்டி திரும்பி வராது. அப்பாவின் டீயிலும் சர்க்கரை இருக்காது. அப்பா பெரிய மகனை ஒரு பார்வை பார்ப்பார், பள்ளிக்கூட வாசலில் காசில்லாமல் நிற்கும் பிள்ளையின் பார்வை. அதனால் ஆய்வாளர் சட்டைப் பையில் தனியாக நாலு துண்டு கொண்டுபோய், யாரும் பார்க்காதபோது அப்பாவின் கையில் திணிப்பார். மூன்று வருடம் இப்படி. அப்பா போனதும், துக்கத்துக்கு வந்த உறவுக்காரர்கள் நடுவில் வைத்துத் தம்பியைக் கேட்டார்: “பெத்த அப்பனுக்கு ஒரு ஸ்பூன் சக்கரை போடக் கை வரலையே, நீயெல்லாம் மனுஷனா?” தம்பி வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை அவர் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார். பதினோரு வருடம் ஓடிவிட்டது.

இப்போது மருத்துவமனைப் படியில் உட்கார்ந்து, அந்த நாலு துண்டுகளை வாரங்களால் பெருக்கிப் பார்த்தார். தொழில் அப்படி. அறுநூற்று இருபத்து நாலு துண்டுகள்.

தம்பிக்கு டயர் கடை. அங்கே தராசு கிடையாது. இருந்திருந்தால் அரசாங்கப் பணியாகப் போய் நின்றிருக்கலாம். மன்னிப்புக் கேட்பதற்கென்று மட்டும் ஓர் இடத்துக்குப் போகும் பழக்கம் அவருக்கு இல்லை. ஒன்பது நாள் அறையில் நின்று ஒத்திகை பார்த்தார். சுவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. பத்தாம் நாள் சாயங்காலம் போனார்.

தம்பி ஒரு சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டிருந்தான். இன்னும் பருத்திருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் எழுந்திருக்கவில்லை.

“இங்க காத்துதான் விக்கிறோம், ஆய்வாளர் சார். எடை போடப் போறீங்களா?”

“அப்பாவுக்குச் சக்கரை இருந்துச்சாடா?”

தம்பி ஸ்பானரைக் கீழே வைத்தான்.

“பதினோரு வருஷம் யோசிச்சு இதைக் கண்டுபிடிச்சியா?”

“ஏன் சொல்லல?”

“அவர்தான் சொல்லக்கூடாதுன்னார். உனக்கு அப்பப் பொண்ணு பாத்துக்கிட்டிருந்தோம். குடும்பத்துல சக்கரைன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான், அவன் கல்யாணம் முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னார்.”

கல்யாணம் முடியவில்லை. அதனால் ரகசியமும் முடியவில்லை. ஆய்வாளர் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார்.

“எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிப் பேசிட்டேன்.”

“ஆமா, பேசின.”

ஒத்திகையில் இதற்கு மேல் தம்பிக்கு வசனம் நிறைய இருந்தது. நிஜத்தில் இவ்வளவுதான்.

“எனக்கு நூத்துப் பதினாலு,” என்றார். “உனக்கு?”

“வருஷா வருஷம் பாக்கறேன். தொண்ணூத்தஞ்சு.” தம்பி தொப்பையைத் தட்டிக் காட்டினான். “இந்த உடம்புக்கு! அப்பா சொத்துல எனக்குக் கடை, உனக்கு இது. பாகப் பிரிவினை முடிஞ்சுது.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

“உன் பொண்ணுக்குச் சக்கரை பாத்தியா?” என்று கேட்டார் ஆய்வாளர்.

தம்பி அவசரமாகக் கடையின் பின்கதவைப் பார்த்தான். கதவுக்கு அந்தப் பக்கம் வீடு.

“மெதுவாப் பேசு. இருபத்து மூணு ஆச்சு அவளுக்கு, ஒரு நல்ல இடம் பேசிட்டிருக்கோம். தாத்தாவுக்கு இருந்துச்சு, பெரியப்பாவுக்கு வருதுன்னெல்லாம் வெளியில போகக்கூடாது. யார்கிட்டயாவது சொல்லிட்டியா?”

“யார்கிட்ட சொல்வேன்?”

தம்பியின் குரல் இறங்கிவிட்டது. “சரி, உள்ள வா. இருந்து சாப்பிட்டுட்டுப் போண்ணா. இந்தப் பேச்சை மட்டும் விட்டுடு.”

‘அண்ணா’ என்ற சொல்லைக் கேட்டதும் ஆய்வாளர் செருப்பைக் கழற்றினார். உள்ளே சாப்பாட்டு மேஜையில் தம்பி மனைவி, வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல், நாலாவது தட்டை எடுத்து வைத்தாள். அந்தத் தட்டின் விலை அவருக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

தண்ணீர் கொண்டுவந்த தம்பி மகள் கேட்டாள்: “பெரியப்பா, எந்தப் பேச்சை விடணும்? கதவு மெல்லிசு, எல்லாம் பாதி பாதியாக் கேட்டுச்சு.”

அவர் தட்டைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

“உங்க தாத்தாவுக்குச் சக்கரை இருந்துச்சும்மா. எனக்கு வர்ற வழியில நிக்குது. உனக்கு வந்தே தீரும்னு இல்ல. ஆனா ஒரு தடவை பாத்துக்கணும். இப்பவே தெரிஞ்சா தடுக்கலாம்.”

“வந்த கால் மணி நேரத்துல பொண்ணு வாழ்க்கையில மண்ணு!” என்றாள் தம்பி மனைவி.

“அன்னிக்குத் தெரியாமப் பேசின. இன்னிக்குத் தெரிஞ்சே பேசற,” என்றான் தம்பி. “அதுதான் வித்தியாசம்.”

ஆய்வாளர் சாப்பிடாமல் எழுந்தார். யாரும் தடுக்கவில்லை. தெருமுனையில் அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்து அவருடைய போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி ஓடினாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு காய்கறிக் கடையில் இரண்டு கிலோ கல்லைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை, ஓர் எண் மட்டும்: 104.

அவருக்கு வருத்தமாக இருந்தது, நிஜமான வருத்தம். அதன் ஓரத்தில், கொஞ்சமும் வெட்கமில்லாமல், ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது, தன் ஜாதியில் இன்னொருவர் கிடைத்ததுபோல. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

அடுத்த செய்தி வந்தது. ‘அப்பாகிட்ட சொல்லிடாதீங்க பெரியப்பா.’

‘சரி’ என்று தட்டிவிட்டு அழித்தார். ‘கவலைப்படாதே’ என்று தட்டிவிட்டு அதையும் அழித்தார். கடைக்காரர் இவர் முகத்தையும் தராசு முள்ளையும் மாறி மாறிப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், ஏதாவது குறையுதா?”

“இருங்க,” என்றார் ஆய்வாளர். கட்டை விரலால் மெதுவாக எழுதினார்: ‘நீயே சொல்லும்மா. சொல்லும்போது பக்கத்துல ஆள் வேணும்னா, நான் வந்து நிக்கறேன்.’

வெகுநேரம் கழித்து, அவர் நாலாவது கடையில் இருந்தபோது பதில் வந்தது: ‘யோசிக்கிறேன்.’

யோசிப்பதே அவருக்குப் போதும்; ‘நன்றி’ என்று எழுதி அனுப்பினார்.