மாமா சுடப் பழகப் போன சனிக்கிழமை

எங்கள் குடும்பத்தில் அந்தத் துப்பாக்கியோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது. எதைக் கொடுத்தாலும் படிப்பேன். மைக்ரோவேவ் புத்தகம், வி.சி.ஆர். புத்தகம், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துச் சீட்டு, எதுவானாலும் சரி. துப்பாக்கியை வாங்கிய மாமா அந்தப் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்தவுடன் உலகத்துக் கணினியெல்லாம் நின்றுபோகும் என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்த காலம். கணினி வேலையில் இருந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதனால் சனிக்கிழமையும் ஆபீஸ் இருந்தது. நாங்கள் இருந்த பிளானோவிலிருந்து என்னைப் பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கொண்டுவந்து, கொஞ்சம் தள்ளியிருந்த காப்பெல் ஊரில் அத்தை வீட்டில் இறக்கிவிட்டு, டோல்வே என்ற சுங்கச் சாலையைப் பிடித்துப் பறந்துவிடுவார்கள். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. அவரும் மாமாவும் ஒரு பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடையை நடத்தினார்கள். பால், பீர், சிகரெட், லாட்டரிச் சீட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் நாளெல்லாம் உருண்டுகொண்டிருக்கும் ஹாட் டாக். எனக்கு அதைவிடச் சிறந்த இடம் இந்த உலகத்தில் இல்லை.

அந்த வசந்தத்தில் ஒரு சாயங்காலம் ஒருவன் உள்ளே வந்து மாமாவின் முகத்துக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டினான். மாமா கல்லாவைத் திறந்துவிட்டார். அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான். தெரிந்தவர்களெல்லாம் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, ஒரு கீறல்கூட இல்லையே, அதுவே பெரிசு என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மாமாவும் ஆமாம் ஆமாம் என்றார். அதற்குப் பிறகு அவர் கடைக்குள் கால் வைக்கவில்லை.

முதலில் முதுகுவலி என்றார். பிறகு ஆலங்கட்டி மழையில் கூரை அடிபட்டிருக்கிறது, பார்க்க ஆள் வருவான் என்றார். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். ஹாலில் சோபாவின் ஒரே ஓரத்தில், வாசல் கதவு கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்து, சத்தமில்லாமல் டிவி பார்ப்பார். சத்தத்தைக் கூட்டட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சத்தமில்லாத டிவியில் உதடு அசைவதை வைத்து வசனத்தைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு ஒன்றை நானே உண்டாக்கி, அவரையும் சேர்த்துக்கொண்டேன். அவர் ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

கடையில் அத்தை நின்றார். காலையில் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து இருட்டிய பிறகு விளக்கை அணைப்பது வரை அத்தைதான். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு, அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போவார். ஒருநாள் அப்பா, கடையை வித்துடலாமே அக்கா என்று மெதுவாகச் சொன்னார். அத்தை மாமா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்றுதான் மாமா அதைச் சொன்னார்.

"கையில ஒண்ணு இருந்தாப் போதும். திங்கக்கெழமையிலிருந்து நானே போய் நின்னுக்கறேன்."

அப்பாவுக்கு அதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஆனால் அத்தை மறுநாளே மாமாவின் சட்டைகளையெல்லாம் எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, திங்கட்கிழமைக்காக வரிசையாகத் தொங்கவிட்டார்.

துப்பாக்கி ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியில் வந்தது. அத்தை வீட்டுக்கு வருகிற எந்தப் புதுப் பொருளும் பொட்டு வைக்காமல் வேலையைத் தொடங்கியதில்லை. ரைஸ் குக்கர், கார், கடையின் கல்லா மெஷின், புல் வெட்டுகிற மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, துணி அலமாரியைப் பூஜையறையாக்கியிருந்த இடத்தில், முருகன் படத்துக்கு முன்னால் பெட்டியைத் திறந்து வைத்தார். சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து கொஞ்சநேரம் யோசித்தார்.

"ஏனுங்க, இதுக்கு மொகம் எதுங்க?"

காருக்கு என்றால் முன்பக்கம். இதற்கு? மாமாவும் யோசித்தார். குனிந்து பார்த்துவிட்டு, குண்டு வெளியே வருகிற வாயைக் காட்டினார். அத்தை அதைச் சுற்றிச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பிறகு மனசு ஆறாமல் மேல்பக்கத்திலும் இரண்டு பக்கமும் தாராளமாகப் பூசினார். ஸ்லைடு என்று அதற்குப் பெயர், சுடும்போது அது பின்னால் போய் முன்னால் வரும், எண்ணெயைத் தவிர எதையும் போடக்கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது என்று நான் சொன்னேன். சாமி காரியத்தில் குறுக்கே பேசக்கூடாது என்று அத்தை எனக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

அத்தை கடைக்குக் கிளம்பும்போது மாமாவிடம் தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தார். எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கும். சுட்டுப் பழகிவிட்டு வருகிற வழியில் கடைக்குக் கொண்டுவர வேண்டும். பின்னறையில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் மாமா கல்லாவில் நிற்க வேண்டும்.

"நான் திங்கற நேரம் மட்டும் நின்னாப் போதுங்க. அதுக்கு மேல வேண்டாம். இன்னிக்கு அவ்வளவுதான்."

மாமா தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் வர்றியா அம்மணி?" என்றார். நான் கெஞ்சாமலே கேட்டார். எனக்கு எவ்வளவு தெரியும் என்பதை மாமா கடைசியில் புரிந்துகொண்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சுடும் இடம் நான் நினைத்ததுபோல இல்லை. பௌலிங் விளையாடுகிற இடம் மாதிரி, நீளநீளமான சந்துகள். உருட்டுகிற பந்து இல்லை, அவ்வளவுதான். முன்னால் இருந்த மேஜையில் வெள்ளை மீசை வைத்த ஒருவர் எங்களுக்குக் காதுமூடியும் கண்ணாடியும் கொடுத்துவிட்டு, குறிபார்க்கிற காகிதத்தை எடுத்து நீட்டினார். அதில் ஒரு ஆள். தலை, தோள், இடுப்பு வரைக்கும் கறுப்பாக. மாமா அதை வாங்கவில்லை. வட்டம் மட்டும் போட்டது இருக்குமா என்று கேட்டார். பெரும்பாலும் எல்லாரும் இந்த ஆள் படத்தைத்தான் கேட்பார்கள் என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெரியவர் கீழே குனிந்து தேடி வட்டத்தை எடுத்துக் கொடுத்தார்.

உள்ளே போனதும் பக்கத்துச் சந்தில் யாரோ சுட்டார்கள். காதுமூடியைத் தாண்டி அது நெஞ்சுக்குள் வந்து இடித்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமாவின் தோள்கள் ஒவ்வொரு வெடிக்கும் காதுவரைக்கும் ஏறி இறங்கின. மேகசினில் தோட்டாக்களைத் திணிக்க அவருடைய கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. நான் வாங்கி, புத்தகத்தில் படம் போட்டிருந்தபடியே ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக் கொடுத்தேன். அன்றைக்கு அதைவிடப் பெருமையான காரியம் வேறு இல்லை எனக்கு.

முதல் குண்டு வட்டத்துக்கு வெகு தூரத்தில், காகிதத்தின் மூலையைக் கிழித்துக்கொண்டு போனது. அதோடு துப்பாக்கி நின்றுவிட்டது. வெளியே தெறித்து விழ வேண்டிய பித்தளைக் கூடு பாதி வழியில் மாட்டிக்கொண்டு நட்டுக்குத்தாக நின்றது. மீசைக்காரர் வந்து வாங்கிப் பார்த்தார். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி, மூக்குக்குக் கொண்டுபோய், இது என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, அது ஒரு மாதிரி எண்ணெய் என்று சொல்லிவிட்டார். இவ்வளவு வாசனையான எண்ணெயைத் தான் பார்த்ததே இல்லை என்றார் அவர். பிரஷ் வைத்துத் தேய்த்துத் துடைத்தார். வாயைச் சுற்றிக் கொஞ்சம் குங்குமம் மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு தானே சுட்டுக் காட்டினார். குண்டுகள் ஒரு தடங்கலும் இல்லாமல் வரிசையாகப் போயின. மாமாவிடம் கொடுத்தார். ஒன்று போனது, மறுபடியும் மாட்டிக்கொண்டது.

குற்றம் சந்தனத்தில் இல்லை. கை துவண்டு கொடுத்தால் ஸ்லைடு முழுக்கப் பின்னால் போகாது, பாதியில் நின்றுவிடும் என்று மீசைக்காரர் விளக்கினார். எனக்கு ஒரே சந்தோஷம். இது நான் படித்த விஷயம்.

"மாமா, கைய டைட்டா வெக்கணும். புக்ல போட்டிருக்கு."

"செரி அம்மணி," என்றார் மாமா. அவருடைய நெற்றியில் வியர்வை வழிந்தது. ஏசி என் முழங்காலைச் சில்லிட வைத்துக்கொண்டிருந்தது.

இந்த முறை கையை இறுக்கிப் பிடித்தார். குண்டு போனது. கூடும் சரியாகவே வெளியே தெறித்தது. தெறித்த வேகத்தில் பக்கத்துத் தடுப்பில் பட்டு, மாமாவின் சட்டைக் காலருக்குள் விழுந்தது. வெடித்த கூடு அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி சுடும். மாமா துடித்துப்போய், ஒரு கையால் கழுத்தைத் தட்டிக்கொண்டே அப்படியே திரும்பினார். துப்பாக்கி பிடித்த இன்னொரு கையும் கூடவே திரும்பியது.

அதன் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. சின்னக் கறுப்பு ஓட்டை, சுற்றிலும் லேசாகக் குங்குமம். மாமாவின் விரல் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. மீசைக்காரரின் பெரிய கை எங்கிருந்தோ வந்து மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தரையைப் பார்க்கத் திருப்பியது. மேகசினை உருவினார். உள்ளே மிச்சமிருந்த தோட்டாவை வெளியே எடுத்தார். திட்டவில்லை. இன்றைக்கு இது போதும் சார், ஒரு நாள் வகுப்புக்கு வாருங்கள் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். மாமா அவரைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, அதுதான் ஃபர்ஸ்ட் ரூல். ஃபர்ஸ்ட் பேஜ்லயே இருக்கு."

காரில் நான் நிறுத்தாமல் பேசினேன். ஓட்டை விழுந்த காகிதத்தை நான் வைத்துக்கொள்ளலாமா, அடுத்த வாரம் நான் ஒரு தடவை சுடலாமா, பள்ளிக்கூடத்தில் சொல்லலாமா என்று வரிசையாகக் கேள்விகள். மாமா வலதுபக்கத் தடத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் வந்தவர்களெல்லாம் முந்திக்கொண்டு போனார்கள். ஒரு சிக்னலில் நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"அவனுக்கும் கை நடுங்கிட்டுதான் இருந்துச்சு."

யாருக்கு மாமா என்று கேட்டேன். பச்சை விழுந்துவிட்டது. கொஞ்சதூரம் போன பிறகு, நடந்ததை அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்றார். மீசைக்காரர் கையைப் பிடித்ததையா, சந்தனத்தை எண்ணெய் என்று சொன்னதையா என்று கேட்டேன். எதையுமே வேண்டாம் என்றார்.

கடை வந்தது. மாமா வாசலுக்கு நேராக நிறுத்தவில்லை. டயருக்குக் காற்றடிக்கிற மெஷினைத் தாண்டி, வேலியோரமாக, காரின் மூக்கு ரோட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த இரண்டு கையையும் எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தேன்.

"நீ போய்க் குடுத்துட்டு வா அம்மணி," என்றார் கடைசியில்.

டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவுமணி அடித்ததும் அத்தை நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் கதவு தானாக மூடிக்கொள்வதைப் பார்த்தார். கை கழுவித் துடைத்துக்கொண்டு, பின்னறைக்குப் போகத் தயாராக நின்றிருந்தார்.

"மாமா எங்க கண்ணு?"

"கார்ல இருக்காங்க."

"எறங்கலையா?"

மாமாவுக்கு டயர்ட் என்று சொன்னேன். பீர் விளம்பரங்களுக்கு நடுவே இருந்த கண்ணாடி இடைவெளியில் அத்தை வெளியே பார்த்தார். வேலியோரமாகக் கார் உறுமிக்கொண்டு நின்றது. பின்டிக்கியில் துப்பாக்கி. எப்படிச் சுட்டார், பழகிவிட்டாரா, ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னால் அடக்கியிருக்க முடியாது, எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். கேட்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. டப்பாவை வாங்கித் திறக்காமலே கல்லாவுக்குக் கீழே வைத்தார்.

அப்போது தொப்பி போட்ட ஒரு ஆள் உள்ளே வந்து சிகரெட் கேட்டான். சிகரெட் அடுக்கெல்லாம் அத்தையின் முதுகுப்பக்கம் இருந்தது. அத்தை திரும்பவில்லை. வந்தவனுடைய கைகளின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், வலது கையை மட்டும் பின்னால் நீட்டி, இரண்டாவது வரிசையில் தடவி, அவன் கேட்ட அதே பாக்கெட்டைச் சரியாக எடுத்து வைத்தார். மீதிச் சில்லறை கொடுக்கும்போதும் அப்படித்தான். அவன் கதவைத் தாண்டி, காரில் ஏறி, ரோட்டில் சேர்கிற வரைக்கும் கண் அவன்மேலேயே இருந்தது.

எனக்குத் தாங்க முடியாத ஆச்சரியம். பார்க்காமலே எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நின்னு நின்னு பழகிருச்சு சாமி," என்றார் அத்தை. கன்னத்தில் வழிந்த வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

மாமா வெளியே காத்திருக்கிறார் என்பதையே நான் மறந்துபோனேன். நானும் கல்லாவுக்குப் பின்னால் போய், முதுகைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் விட்டு, சூயிங்கம் பாக்கெட்டுகளை எடுத்துப் பழகினேன். இரண்டு மூன்று தப்பான பிறகு ஒன்று சரியாக வந்தது. அத்தையிடம் காட்டினேன். உலகத்திலேயே இது ஒரு பெரிய வித்தை, அத்தைக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று நினைத்துக்கொண்டேன்.