எது முதலில் கேட்டது?

இதை நம்பச் சொல்லி நான் யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. நம்பாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பாருங்கள். நடுராத்திரி இல்லை, சுடுகாடு இல்லை. பட்டப்பகல், 2 மணி 40 நிமிடம். பளிச்சென்று விளக்கெரியும் அலுவலகம். இப்போது இதை எழுதும்போதும் பயத்தைவிடக் கோபம்தான் முட்டிக்கொண்டு வருகிறது.

என் வேலை மெடிக்கல் கோடிங். மருத்துவமனை அனுப்பும் ஃபைலைப் படித்து, நோய்க்கு உரிய குறியீட்டைப் போடுவது. எலும்பு முறிவு என்றால் முதலில் ஒரு கேள்வி. அடிபட்டு முறிந்ததா, நோய் உள்ளே அரித்து முறிந்ததா? இரண்டுக்கும் வேறு வேறு குறியீடு. நல்ல எலும்பாக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காத அளவுக்குச் சின்னதாக விழுந்து, நோயுள்ள எலும்பு ஒடிந்தால் அது விபத்து இல்லை, நோய். ஆனால் அதை நாங்களாக முடிவு செய்யக் கூடாது. டாக்டர் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் அவருக்கே கேள்வி அனுப்ப வேண்டும்.

அன்று வந்த ஃபைல் ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவருடையது. தொடை எலும்பு முறிவு. தகடு வைத்து, ஆறு நாளுக்கு முன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ‘மருமகள் கொட்டிய தண்ணீரில் வழுக்கி விழுந்ததாக மகன் கூறுகிறார்’ என்று டாக்டர் எழுதியிருந்தார். எக்ஸ்ரே அறிக்கையிலோ, முறிந்த இடத்தில் எலும்பு செல்லரித்ததுபோல் இருப்பதாக ஒரு வரி. பழைய தைராய்டு புற்றுநோய் என்று வேறொரு பக்கத்தில் இன்னொரு வரி. இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒருவருக்கும் நேரமில்லை.

எங்கள் டீம் லீடரிடம் போனேன். ஃபைலுக்கு இத்தனை நிமிடம் என்று உயிரை வாங்குவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். ஞாயிறு என்பதால் அந்தத் தளத்தில் அன்று நாங்கள் இருவர் மட்டும்தான்.

“சார், டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்பணும்.”

“எதுக்கு? விழுந்துட்டாங்கன்னு எழுதியிருக்குல்ல? விபத்துன்னு போட்டு மூடு.”

“எலும்பை அரிச்சிருக்கு சார்.”

“நீ டாக்டரா? இன்னும் நாப்பது ஃபைல் கெடக்கு. போம்மா.”

பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். விபத்துக் குறியீட்டைப் போட்டேன். 2:47க்கு ஃபைலை மூடினேன். ஆமாம், நானேதான் மூடினேன். என் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

டக்.

காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி. என் முதுகுக்குப் பின்னால். ஒரு மூச்சு விடும் நேரம்... அப்புறம் தொப்பென்று ஏதோ கனமாக விழுந்தது.

திரும்பினேன். வரிசையாகக் காலி நாற்காலிகள். எதுவும் விழுந்திருக்கவில்லை.

திரையைப் பார்த்தேன். மூடிய ஃபைல் திறந்து கிடந்தது. குறியீடு போட்ட கட்டம் காலி.

மறுபடி போட்டேன். 2:52.

டக்... தொப்.

இந்த முறை பக்கத்து வரிசையில். ஸ்டாப்வாட்ச் தன் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டினார்.

“எதைப் போட்டு உடைச்சே?”

“நான் ஒண்ணும் உடைக்கல சார்.”

2:55. என் மேசையில் இன்டர்காம் அடித்தது. அலுவலகத்துக்குள் மட்டும் பேசுகிற ஃபோன். எந்த மேசையிலிருந்து அழைக்கிறார்கள் என்று எண் காட்டும்.

காட்டியது என் மேசை எண்.

எடுத்தேன். தெளிவான ஒரு பெண் குரல். அழவில்லை. கொதித்துக்கொண்டிருந்தது.

“எது மொதல்ல கேட்டுச்சு?”

ஃபோனைக் காதில் வைத்தபடியே சுற்றிலும் தேடினேன்.

“கேக்கறேன்ல? எது மொதல்ல?”

“ஒ... ஒடியற சத்தம்.”

“அப்புறம்?”

“விழற சத்தம்.”

“தரை காஞ்சுதான் கெடந்துச்சு. கால் ஒடிஞ்ச பெறகுதான் நான் விழுந்தேன். ஒரு பாவமும் அறியாத பொண்ணை வீட்டை விட்டுத் தொரத்திட்டாங்க. நீயும் அதையே எழுதறே?”

திரையைப் பார்த்தேன். குறியீட்டுக் கட்டம் மறுபடி காலி.

“எழுதறியா?”

“இல்லம்மா...”

“மாத்து.”

டக்.

இம்முறை காதுக்குள்ளேயே. ஃபோன் அடங்கிவிட்டது.

3:01. டாக்டருக்குக் கேள்வியை அடித்தேன்: விழுந்ததால் முறிந்ததா, முறிந்ததால் விழுந்தாரா? ஸ்டாப்வாட்ச் பின்னால் வந்து நின்று கத்தினார்.

“சொன்னா கேக்க மாட்டியா?”

எட்டு வருட வேலையில் முதல் தடவையாக நானும் கத்தினேன்.

“மாட்டேன் சார்! வேணும்னா வேலையை விட்டுத் தூக்குங்க!”

அனுப்பினேன். அதற்கப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

மறுநாள் காலை 10:20. அந்த எலும்பு டாக்டரே என்னை ஃபோனில் கூப்பிட்டார்.

“எக்ஸ்ரேவை மறுபடி பாத்தேன். நோய்தான். கேன்சர் எலும்புக்குப் பரவியிருக்கு. குறிப்பைத் திருத்திட்டேன். மகனுக்கும் சொல்லிட்டேன், மருமகளைக் கூட்டிட்டு வரக் கெளம்பிட்டாரு.” கொஞ்சம் தயங்கினார். “அந்தம்மா சனிக்கிழமை ராத்திரியே தவறிட்டாங்களாம்.”

என்னிடம் பேசியது ஞாயிறு மதியம்.

பயம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

“அத்தனை நாள் உங்க வார்டுல படுத்திருந்தாங்களே சார்! எப்படி விழுந்தீங்கன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்களே!”



“எழுதப் பேப்பர் வேணும்னு சைகை காட்டினாங்க. நான்தான்... அவசரத்துல போயிட்டேன்.”

“எழுதவா? எதுக்கு?”

“தைராய்டு ஆபரேஷன்ல குரல்வளையையும் சேத்து எடுத்தாச்சும்மா. ஆறு வருஷமா அவங்களுக்குக் குரலே கெடையாது.”