பொடிமீன் தேடிய சகாயசெல்வி

என் குட்டையில் மீன் சிறுத்துப் போவதற்கு என் கைதான் காரணம் என்று மச்சான் முருகேசன் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். தீனியில் கஞ்சம் பிடிக்கிறேனாம். கல்யாண வீட்டில் சொன்னான், வடமதுரைச் சந்தையிலும் சொன்னான். ஒரே நாளில் விட்ட ரோகுக் குஞ்சுகள், ஒரே தவிடு, ஒரே புண்ணாக்கு. ஒன்று இரண்டு கிலோ ஏறுகிறது, இன்னொன்று உள்ளங்கையைத் தாண்டுவதில்லை. எட்டாவதோடு நின்றவன் நான், என்ன பதில் சொல்ல?

பதில் தேடி வந்தவள் சகாயசெல்வி. திண்டுக்கல்லில் பஸ் கண்டக்டராக இருந்த பிராங்கிளினின் மகள். மீன் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒப்பந்த வேலை. ஸ்கூட்டரில் ஐஸ்பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவாள். வேடிக்கை என்னவென்றால் மீன்குழம்பு வாடை அவளுக்கு ஆகாது. எங்கள் வீட்டில் தயிர்ச்சோறுதான் கேட்பாள். உயிர்மீனைப் பிடித்தால் மட்டும் கை அவ்வளவு பதமாக இருக்கும். துடுப்பின் ஓரத்தில் நகக்கண் அளவு கத்தரித்து ஸ்பிரிட் குப்பியில் போட்டுவிட்டு மீனைத் தண்ணீரில் விட்டுவிடுவாள். அந்தத் துணுக்கில் இருக்கும் மரபணுவில், வளரும் மீனுக்கும் வளராத மீனுக்கும் எது வேறுபடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த அடையாளம் தெரிந்துவிட்டால் தாய்மீனைச் சோதித்தே நல்ல குஞ்சு எடுக்கலாம்.

வலையில் வருவதை அப்படியே கொடுங்கள் என்றுதான் முதலில் கேட்டாள். நான் விடிவதற்குள் பொடிசுகளை எல்லாம் அரித்து சிமெண்டுத் தொட்டியில் விட்டு, மேலே தென்னை ஓலையைப் போட்டு மூடிவிட்டேன். வெளியாள் பார்த்தால் முருகேசன் பேச்சு உண்மையாகிவிடுமே. தடித்த மீனாக அறுபது கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து வாடிய முகத்தோடு வந்தாள்.

"அண்ணே, அறுபதும் அநேகமா ஒன்னுபோலத்தான் காட்டுது. எல்லாமே வளந்த மீனா இருந்தா, வளராததுக்குக் காரணத்த எங்கிட்டுப் போய்த் தேட? உங்க குட்டையில பொடிசே கிடையாதா?"

கிடையாது என்று வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து, அன்றிலிருந்து தொட்டியிலேயே கிடந்த பொடிசில் ஒன்று துள்ளி ஓலையைத் தட்டியது. போய் விலக்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அவளோ தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"இம்புட்டையும் ஒளிச்சு வச்சிக்கிட்டா என்னைய அலைய விட்டீங்க?"

முருகேசன் பேச்சுக்குப் பயந்துதான் ஒளித்தேன் என்று சொன்னேன். நாற்பது பொடிசுக்கும் துடுப்பு கத்தரித்தாள். அடுத்த முறை ஒரு தாளோடு வந்தாள். நாற்பதில் முப்பத்து மூன்றில் ஒரே அடையாளம். தடித்த அறுபதில் அது ஐந்துக்குத்தான்.

"அப்ப என் கை இல்லையா, தாயி?"

"முக்காவாசி இல்லண்ணே. தீனியும் கொஞ்சம் கூட்டிப் போடலாம்."

அந்தக் கடைசிப் பேச்சை நான் காதில் வாங்கவில்லை.

ஒரு குட்டையை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். அடையாளம் உள்ள தாய்தகப்பனுக்கும் இல்லாததற்கும் தனித்தனியாகக் குஞ்சு எடுத்து, போன சனிக்கிழமை என் இரண்டு குட்டைகளிலும் எண்ணிக்கை பிசகாமல் விட்டாள். எதில் எது என்று எனக்கும் சொல்லவில்லை. கிளம்பும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டாள்.

"ஆறு மாசத்துக்கு நீங்க தீனி போடாதீங்கண்ணே. வாளிய உங்க மச்சான் கையில குடுத்துருங்க."